மிச்சத் துணிக்கும் ஒரு கணக்கு உண்டு

இங்கிலாந்தின் கம்ப்ரியா பகுதியில் லீவன்ஸ் ஹால் என்றொரு பழைய மாளிகை. அங்கே ஒரு படுக்கை விரிப்பு இருக்கிறது. 1708 வாக்கில் தைத்தது என்று சொல்கிறார்கள். அந்த நாட்டில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய ஒட்டுத்துணி வேலைகளில் ஒன்றாக அதைக் கருதுகிறார்கள். துண்டு துண்டாக வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்த விரிப்பு. அந்தத் துண்டுகள் கந்தலோ கிழிசலோ என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அவை இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போன சீட்டித் துணி, அதாவது பூ எழுதிச் சாயமேற்றிய பருத்தி. அன்றைய லண்டனில் வசதியுள்ள வீடுகளுக்கு மட்டுமே கட்டுப்படியான சரக்கு.

ஒட்டுப்போர்வை, அதாவது இன்று எல்லோரும் குவில்ட் என்று சொல்வது, என்றதும் நமக்கு ஒரு படம் வந்துவிடுகிறது. பனி கொட்டும் ஊர், கையில் காசில்லாத வீடு, கிடைத்த கந்தலை எல்லாம் சேர்த்துப் பிள்ளைகளுக்குப் போர்வை தைக்கும் பாட்டி. அமெரிக்காவில் இந்தப் படத்தை ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பள்ளிப் பாடம்போல் சொல்லிவருகிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் வரிசை தலைகீழ். துணி அரிதாக இருந்த காலத்தில் ஏழைகள் ஒட்டுப்போர்வை தைத்தது அபூர்வம். துணி மலிந்த பிறகுதான் மிச்சத் துணி என்ற ஒன்றே பிறந்தது, அதைச் சேர்த்துவைக்கும் பெட்டியும் வீட்டுக்குள் வந்தது.

காரணம் எளிது. கையால் நூற்று, கையால் நெய்த காலத்தில் ஒரு முழத் துணிக்குப் பின்னால் நாள்கணக்கான வேலை இருந்தது. அமெரிக்கா பிரிட்டிஷ் குடியேற்றமாக இருந்த காலத்தில், இறந்தவர்களின் வீட்டுச் சாமான்களைக் கணக்கெடுத்து எழுதிய பட்டியல்கள் இன்றும் கிடைக்கின்றன. அவற்றில் கம்பளிகள் நிறைய வருகின்றன. குவில்ட் அபூர்வமாகவே வருகிறது. வந்தாலும் அது நல்ல விலை மதிப்பிட்ட பொருள். மேல் துணி, நடுவே பஞ்சு, அடித் துணி என்று மூன்று அடுக்கு வைத்து, மூன்றையும் சேர்த்து நெருக்கமாக ஓடு தையல் போட்டால்தான் குவில்ட். ஒரு போர்வைக்கு இரண்டு போர்வையின் துணி வேண்டும். கந்தல் உடுத்தியவர் வீட்டில் அது எப்படி இருக்கும்?

சீட்டித் துணியின் கதைக்கே வருவோம். மசூலிப்பட்டினம், பழவேற்காடு, சென்னைப்பட்டினம், நாகப்பட்டினம் என்று சோழமண்டலக் கரை நெடுக, எழுதுகோலால் கோடு இழுத்து, சாயத்தைப் பிடித்துவைக்கும் படிகாரம் ஏற்றி, சாயவேரில் முக்கிச் சிவப்பு எடுத்தார்கள். ஐரோப்பாவில் அதுவரை பருத்தியில் அச்சடித்த சாயங்கள் துவைக்கத் துவைக்க வெளுத்தன. இந்தச் சிவப்பு நின்றது. மோகம் தலைக்கேறியது. உள்ளூர் கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்தார்கள். பிரான்ஸ் 1686-இல் தடை போட்டது. இங்கிலாந்து 1701-இல் இறக்குமதியை நிறுத்தியது. 1721-இல் உடுத்துவதையும் வீட்டில் பயன்படுத்துவதையும்கூடச் சட்டம் போட்டுத் தடுத்தது. அந்தத் தடை 1774 வரை நீடித்தது. கடையில் கிடைக்காத துணி, ஏற்கெனவே வைத்திருந்தவர் வீட்டில் தங்கமாகாதா? உடையாக முழுசாய்ப் போடமுடியாத அளவு தேய்ந்தாலும், அதிலிருந்த பூவையும் பறவையையும் மட்டும் கத்தரித்தெடுத்து வெள்ளைத் துணியில் விளிம்பு மடித்துத் தைக்கும் வேலை வளர்ந்தது. ஒரு கஜம் சீட்டியிலிருக்கும் பூக்களை இடைவெளிவிட்டுப் பரப்பினால் ஒரு கட்டில் விரிப்பே நிறைந்துவிடும். அமெரிக்காவில் தென் கரோலினா, மேரிலாந்து போன்ற கடலோர மாநிலங்களின் செல்வந்தர் வீடுகளில் 1800-களின் முதல் பாதி வரை இந்த வேலை நடந்தது. நம் கரையில் பிறந்த பூ வேலை அங்கே இரண்டாம் முறை பூத்தது என்று சொல்லிக்கொள்ளலாம். கொஞ்சம் பெருமைதான்.

பிறகு ஆலைகள் வந்தன. 1793-இல் பருத்திக் கொட்டை பிரிக்கும் எந்திரம், 1814-இல் மாசசூசெட்ஸின் வால்தம் ஊரில் நூற்பும் நெசவும் ஒரே கூரையின்கீழ். 1830-கள், 40-களில் அச்சுப் பருத்தி சாதாரணக் குடும்பத்துக்கும் எட்டியது. சதுரமும் முக்கோணமுமாய்த் துண்டுகளைச் சேர்க்கும் கட்ட வடிவங்கள் ஊர் ஊராகப் பெருகியது அதற்குப் பிறகுதான். அந்த மலிவின் விலையை யார் கொடுத்தார்கள் என்பது இன்னொரு கேள்வி. பருத்தி பறித்தது அடிமைகள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தைத்த போர்வைகளைப் பற்றிப் பின்னால் பேச வேண்டியிருக்கிறது.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மிச்சத் துணி இரண்டு வகை. வெட்டியதில் மிஞ்சியது ஒன்று, உடுத்தியதில் மிஞ்சியது மற்றொன்று. உடம்போடு ஒட்டித் தைக்கும் உடையில்தான் முதல் வகை வரும். அக்குள் வளைவு, கழுத்து வளைவு, இடுப்புச் சாய்வு என்று கத்தரி போகும் இடமெல்லாம் ஒரு நறுக்கு விழும். அது கோடித் துணி. நூல் பலம் குறையாது, சாயம் புதுசு. சேலையும் வேட்டியும் கட்டும் ஊரில் கத்தரிக்கு வேலையே இல்லை. ஆகவே நறுக்கும் இல்லை. இங்கே மிஞ்சுவது எல்லாம் உடுத்தித் தேய்ந்தது. வங்காளத்துக் காந்தா பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்தது என்பதும், ஐரோப்பியக் குவில்ட் நறுக்குகளைச் சேர்த்துத் தைத்தது என்பதும் ரசனை வேறுபாட்டால் வந்தது என்பதைவிட உடை வேறுபாட்டால் வந்தது என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. நம் தெரு டெய்லர் கடையில் மூலையில் குவியும் பிட்டுகள், ஜாக்கெட்டும் சுடிதாரும் வந்தபிறகு வந்தவை.

இனி அந்தக் கணக்கு.

குவில்ட்டில் இரண்டு துண்டுகளைச் சேர்க்கும்போது ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் தையலுக்கு விடுவார்கள். இது உலகெங்கும் ஏறக்குறைய நிலையான அளவு. அப்படியானால் ஒன்றரை அங்குலச் சதுரத்தை வெட்டித் தைத்தால், முகத்தில் தெரிவது ஒரு அங்குலச் சதுரம்தான். 2.25 சதுர அங்குலம் துணி போட்டு 1 சதுர அங்குலம் எடுக்கிறோம். பாதிக்கு மேல் தையலுக்குள் மறைந்துபோகிறது. இரண்டரை அங்குலச் சதுரத்தில் 36 சதவீதம் போகிறது. ஐந்து அங்குலத்தில் 19 சதவீதம்.

60-க்கு 80 அங்குலப் போர்வை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே துணியாக 44 அங்குலப் பன்னாவில், அதாவது அகலத்தில், வாங்கினால் மேல் முகத்துக்குப் பரப்பளவில் மூன்று மீட்டருக்கும் குறைவாகவே வரும். ஐந்து அங்குலச் சதுரங்களால் கோத்தால் ஏறக்குறைய 240 துண்டு, மூன்றரை மீட்டர் துணி. முகத்தில் ஓர் அங்குலம் தெரியும் சதுரங்களால் என்றால் 4,800 துண்டு, ஆறு மீட்டருக்கு மேல். துண்டு சிறுக்கச் சிறுக்கப் போர்வை துணியைத் தின்னும். நூலும் தின்னும், கண்ணையும் தின்னும். சிக்கனத்துக்காகச் செய்கிறேன் என்று ஒருவர் ஒரு அங்குலச் சதுரங்களை வெட்ட ஆரம்பித்தால், அவர் சிக்கனம் செய்யவில்லை, கலை செய்கிறார். அதில் தப்பொன்றும் இல்லை.

எதைப் பெட்டியில் போடுவது, எதைக் குப்பையில் போடுவது என்று கை தேர்ந்தவர்கள் முடிவுசெய்வதும் பெரும்பாலும் இந்தக் கணக்கை வைத்துத்தான். ஒன்றரை அங்குலத்துக்குக் குறைந்த நறுக்கைச் சாதாரணமாகச் சேர்த்துத் தைப்பதற்கென்று வைத்துக்கொள்வது வீண். ஆனால் நீளமான வார் என்றால் கதை வேறு. முக்கால் அங்குல அகலமே இருந்தாலும், நீளம் இருந்தால் அதற்கு ஒரு வழி உண்டு. அடியில் ஒரு தாளையோ பழந்துணியையோ சதுரமாக வெட்டி வைத்து, அதன் மேல் வார்களை மூலைக்கு மூலை ஒவ்வொன்றாகத் தைத்து மடித்துக்கொண்டே போவது. வார் கோணலாக இருக்கலாம், ஒரு முனை அகலமும் மறுமுனை குறுகலுமாக இருக்கலாம். கடைசியில் அடித்தாளின் அளவுக்கு ஓரத்தை வெட்டினால் சதுரம் நேராக வந்துவிடும். தாளைக் கிழித்தெடுத்துவிடுவார்கள். அமெரிக்கக் கிராமங்களில் இதற்குப் பழைய செய்தித்தாளும், தபாலில் வரும் சரக்குப் பட்டியல் புத்தகத்தின் பக்கங்களும் உதவின. சில போர்வைகளில் கிழிக்காமல் விட்ட தாள் இன்னும் உள்ளே இருக்கிறது. ஆண்டு கண்டுபிடிக்க அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். இங்கிலாந்தில் தாளைச் சுற்றித் துணியை மடித்து, விளிம்போடு விளிம்பு சேர்த்துக் கையால் தைக்கும் முறை இன்னும் பழையது. 1718 என்று ஆண்டு தைத்த பட்டு விரிப்பு ஒன்று பிரிட்டனின் குவில்ட் சங்கத்திடம் இருக்கிறது. அதன் உள்ளே தைத்தவர் மடித்த தாள்கள் அப்படியே இருக்கின்றன.

வார்களுக்கு இன்னொரு புகலிடம், மரக்கட்டை வீடு என்று அமெரிக்கர்கள் பெயர் வைத்த கட்டம். நடுவில் ஒரு சின்னச் சதுரம், பெரும்பாலும் சிவப்பு. அதைச் சுற்றி வார்களைச் சுழற்றிச் சுழற்றிச் சேர்ப்பார்கள். இரண்டு பக்கம் வெளிர் நிறம், இரண்டு பக்கம் அடர் நிறம். 1860-களிலிருந்து பரவிய இந்த வடிவத்துக்கு நிறம் முக்கியமே இல்லை. வெளிர், அடர் என்ற பாகுபாடு மட்டும் பிசகாமல் இருந்தால் போதும். நீலமும் பச்சையும் பழுப்பும் எப்படிக் கலந்தாலும் பத்தடி தள்ளி நின்று பார்த்தால் ஒளியும் நிழலுமாக வடிவம் எழும்பி நிற்கும். மிச்சத் துணி வேலையில் புதிதாய் இறங்குகிறவர்கள் நிறப் பொருத்தம் தேடித் தவிப்பது இந்த ரகசியம் தெரியாததால்தான். பெட்டியை நிறவாரியாகப் பிரிப்பதைவிட, வெளிர் ஒரு பை, அடர் ஒரு பை என்று பிரித்தாலே பாதி வேலை முடிந்தது.

மிச்சத் துணியைத் தேடிப்போய் வாங்கிய காலமும் ஒன்று உண்டு. 1880-களில் அமெரிக்க நடுத்தர வீடுகளில் கிரேஸி குவில்ட் என்ற பித்து பிடித்தது. 1876-இல் பிலடெல்பியாவில் நடந்த பெரிய பொருட்காட்சியில் ஜப்பானியக் கூடத்தைப் பார்த்த மயக்கம் அதற்கு ஒரு தூண்டுதல் என்பார்கள். பட்டு, வெல்வெட், ரிப்பன் துண்டுகளை ஒழுங்கே இல்லாமல் கோணல்மாணலாக ஒரு அடித்துணியில் பரப்பி, ஓரங்களில் எல்லாம் அலங்காரத் தையல் போடுவது. வீட்டில் அவ்வளவு பட்டு ஏது? நியூ ஜெர்சியின் பாட்டர்சன் ஆலைகள் பட்டை மலிவாக்கியிருந்தன. பட்டு நறுக்குகளைப் பொட்டலம் கட்டித் தபாலில் அனுப்புவோம் என்று பத்திரிகைகளில் விளம்பரம் வந்தது. மாதிரித் துணி வேண்டும் என்று கடைகளுக்குக் கடிதம் எழுதி, வந்த மாதிரிகளைப் போர்வையில் தைத்துவிடும் சாமர்த்தியசாலிகளும் இருந்தார்கள். சிக்கனத்தின் வேஷம் போட்ட ஆடம்பரம் அது.

அந்தப் பட்டுக்கு நேர்ந்த கதி ஒரு பாடம். பட்டு நூலின் மேலிருக்கும் பசையைப் போக்கும்போது எடையில் ஏறக்குறைய கால் பங்கு குறையும். பட்டு எடைக்கு விற்கும் பொருள். ஆலைக்காரர்கள் வெள்ளீய உப்பையும் இரும்பு உப்பையும் ஏற்றி எடையைக் கூட்டினார்கள். துணி கனமாக, மொடமொடவென்று இருந்தது, வாங்கியவர்களுக்கும் பிடித்தது. அந்த உப்புகள் நூலை உள்ளிருந்தே அரித்தன. இன்று அருங்காட்சியகப் பெட்டிகளில் கிடக்கும் பல கிரேஸி குவில்ட்களில் சில துண்டுகள் கோடு கோடாகப் பிளந்து பொடியாக உதிர்கின்றன. பக்கத்திலிருக்கும் துண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெவ்வேறு வரலாறுள்ள துணிகளை ஒரே போர்வையில் சேர்த்தால், பலவீனமானது முதலில் போகும். பஞ்சத்துக்குத் தைத்த முரட்டுப் பருத்தி இன்னும் படுக்கைக்கு ஆகும்.

அந்த முரட்டுப் பருத்தியில் பெரும்பங்கு மூட்டையாக வந்தது. மாவு, சர்க்கரை, கோழித் தீவனம் எல்லாம் அன்று பருத்திச் சாக்கில்தான் வந்தன. 1920-களின் நடுவில் ஆலைகளுக்கு ஒன்று புரிந்தது: மாவைத் தேர்ந்தெடுக்கும் பெண், சாக்கையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறாள். வெள்ளைச் சாக்குக்குப் பதில் பூப்போட்ட, கட்டம்போட்ட சாக்குகள் வந்தன. நூறு பவுண்டு சாக்கைப் பிரித்தால் ஏறக்குறைய ஒரு கஜத் துணி கையில் நிற்கும். மூன்று சாக்கில் ஒரு கவுன். கடைக்குப் போகும் கணவன் கையில் ஒரு நறுக்கைக் கொடுத்து, "இதே பூ பார்த்து எடுத்துட்டு வாங்க" என்று அனுப்புவது வழக்கம். கடைக்காரர் அடுக்கின் அடியிலிருந்து மூட்டையை உருவிக் கொடுக்க வேண்டியதுதான்.

சாக்கின் வாயைச் சங்கிலித் தையலால் மூடியிருப்பார்கள். சரியான நுனியைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று மொத்த நூலும் ஒரே இழையாய் வந்துவிடும். தவறான நுனியைப் பிடித்தால் சிக்கல்தான். (நம் ஊர் அரிசி மூட்டையைப் பிரித்தவர்களுக்கு இது புதிதல்ல.) அந்த நூலையும் சுற்றிவைத்துக் குவில்ட் தைக்கவும் குரோஷே பின்னவும் எடுத்துக்கொண்டார்கள். கம்பெனிப் பெயர் அச்சடித்த மை போகாத சாக்குகளை மண்ணெண்ணெயிலும் பன்றிக் கொழுப்பிலும் ஊறவைத்து, காரச் சோப்பு போட்டுக் கசக்கினார்கள். அப்படியும் முழுசாய்ப் போகாத எழுத்துகள் பல போர்வைகளின் அடித்துணியில் இன்றும் மங்கலாகத் தெரியும். 1950-களில் காகிதப் பைகள் மலிந்தன. சாக்குத் துணியின் காலம் முடிந்தது.

அலபாமா ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்த ஒரு நிலத் திட்டில் ஜீஸ் பெண்ட் என்ற ஊர் இருக்கிறது. அரசுப் பதிவில் பாய்கின். 1816-இல் ஜோசப் கீ என்பவர் அங்கே பருத்தித் தோட்டம் போட்டார். 1845-இல் அது மார்க் பெட்வே கைக்கு மாறியது. விடுதலைக்குப் பிறகும் அடிமைகளின் சந்ததியினர் அங்கேயே குத்தகை விவசாயம் செய்தார்கள். இன்றும் அந்த ஊரில் பலருக்குப் பெட்வேதான், முதலாளியின் பெயர். 1932-இல் கடன் கொடுத்த வியாபாரி இறந்ததும், அவர் வீட்டார் ஆள் அனுப்பி மாடு, கலப்பை, தானியம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். நாட்டுக்கே துணி அளந்து கொடுத்த பருத்தி விளைந்த மண் அது. அங்கே மிஞ்சியது உடுத்திக் கிழிந்தது மட்டும்.

ஜீஸ் பெண்ட் பெண்கள் வேலை உடுப்புகளை எடுத்தார்கள்: முழங்கால் தேய்ந்த டெனிம் கால்சட்டை, முதுகு வெளுத்த சட்டை. பருத்தி ஆலைத் தரையில் கூட்டிய கழிவுப் பஞ்சைக் கொண்டுவந்து தடியால் அடித்துப் பதப்படுத்தி நடுவில் வைத்தார்கள். கால்சட்டைக் கால் ஒரு நீள வாராகவே இருக்கிறது. அதைச் சின்னச் சதுரமாக வெட்ட அவர்களுக்கு நேரமும் இல்லை, நான் மேலே சொன்ன கணக்கின்படி லாபமும் இல்லை. ஆகவே பெரிய பெரிய துண்டுகள், கோணல் வார்கள், சதுரத்துக்குள் சதுரமாய்ச் சுற்றும் கூரை வடிவம். கால்சட்டையில் பை தைத்திருந்த இடத்தைப் பிரித்தால் உள்ளே வெயில் படாத அடர்நீலம். சுற்றியிருக்கும் வெளுத்த நீலத்துக்கு நடுவே பையின் உருவம் அச்சாகத் தெரியும். அதை மறைக்க அவர்கள் முயலவில்லை. சில போர்வைகளில் அந்த இருண்ட பைத்தடம்தான் கண்ணைப் பிடித்து நிறுத்துகிறது.

1942-இல் மிசோரி பெட்வே என்பவர் இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளைப் பிரித்து ஒரு போர்வை தைத்தார். நீலமும் சாம்பலும் வெள்ளையுமாய் வார்களும் கட்டங்களும். அவரை நினைத்துக்கொள்ளவும், அதற்கடியில் படுத்து அந்த அன்பைப் போர்த்திக்கொள்ளவும் வேண்டும் என்று அம்மா சொன்னதாக மகள் ஆர்லோன்சியா பின்னாளில் சொன்னார். அந்தப் போர்வை இப்போது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது.

1966-இல் அந்த வட்டாரத்துப் பெண்கள் ஃப்ரீடம் குவில்ட்டிங் பீ என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். ஃபிரான்சிஸ் எக்ஸ். வால்டர் என்ற பாதிரியார் உதவியாக இருந்தார். அந்தப் பெண்களின் குடும்பங்களில் பல, வாக்குரிமைக்காகப் பதிவுசெய்யப் போனதற்காக வேலையையும் குடியிருப்பையும் இழந்தவை. 1972-இல் சியர்ஸ் நிறுவனம் கார்டுராய் தலையணை உறைகள் தைத்துத் தரும் ஒப்பந்தம் கொடுத்தது. வெட்டி மிஞ்சிய கார்டுராய் துண்டுகள் முதல்முறையாக மூட்டை மூட்டையாக வீடுகளுக்குள் வந்தன: பொன்மஞ்சள், அவகாடோ பச்சை, ஆரஞ்சு, செர்ரிச் சிவப்பு. எழுபதுகளின் ஜீஸ் பெண்ட் போர்வைகள் அதுவரை இருந்த நீல வெளிறலை விட்டு நெருப்புப்போல் எரிவது இதனால்தான். உடுத்திய மிச்சத்திலிருந்து வெட்டிய மிச்சத்துக்கு ஒரு ஊரே மாறியதை அந்த நிறங்களில் பார்த்துவிடலாம். 2002-இல் ஹூஸ்டனிலும் பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் இந்தப் போர்வைகளைச் சுவரில் மாட்டினார்கள்; விமர்சகர்கள் நவீன ஓவியங்களோடு ஒப்பிட்டுக் கொண்டாடினார்கள். 2006-இல் அமெரிக்க அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. வாக்குரிமைப் போராட்டக் காலத்தில், 1962-இல், நிறுத்திய படகுப் போக்குவரத்து அந்த ஊருக்கு மீண்டதும் அதே 2006-இல்தான். போர்வைக்குக் கிடைத்த மரியாதை ஊருக்கு வந்துசேர எவ்வளவு காலம் பிடித்தது பாருங்கள்.

இதே தேய்ந்த துணியை வைத்து வேறொரு தீர்வு கண்டவர்கள் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், எல்லாபூர், ஹளியால் சுற்றுவட்டாரங்களில் வாழும் சித்தி மக்கள், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். அவர்களுடைய கவந்தி போர்வையில் அடியில் ஒரு பழஞ்சேலை விரித்து, அதன் மேல் துண்டுகளை விளிம்பு மடித்து வைத்து, மூலையில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவரைக்கும் ஓடு தையல் போட்டுக்கொண்டே போவார்கள். துண்டோடு துண்டைத் தனியே சேர்க்கும் தையல் இல்லை. ஆகவே அடியிலிருக்கும் சேலைதான் இழுவையைத் தாங்கும், மேலே வைக்கும் துணி எவ்வளவு நைந்திருந்தாலும் பரவாயில்லை. மூலைகளில் முக்கோணமாய் மடித்த பூ வைத்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. பூ இல்லாத போர்வை அம்மணம் என்பார்கள். நைந்த பருத்தியை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு ஐரோப்பிய முறையைவிட இதுவே ஏற்றது என்பேன்.

இன்று குவில்ட் கடைகளில் மிச்சத் துணியே ஒரு விற்பனைப் பொருள். இரண்டரை அங்குல அகலத்தில், துணியின் பன்னா முழுவதற்கும் வெட்டி, நாற்பது சொச்சம் வார்களைச் சுருட்டி ரிப்பன் கட்டி விற்கிறார்கள். மோடா நிறுவனம் அதற்கு ஜெல்லி ரோல் என்று பெயர் வைத்தது. ஐந்து அங்குலச் சதுரக் கட்டு, பத்து அங்குலச் சதுரக் கட்டு எல்லாம் உண்டு. புதுத் துணியை நறுக்கி, நறுக்கின் தோற்றத்தை விலைக்கு விற்பது. சிரிப்பு வந்தாலும் இதில் ஒரு நன்மை விளைந்தது. எல்லோரும் ஒரே அளவுகளுக்குப் பழகியதால், வீட்டு மிச்சத்தையும் அந்த அளவுகளுக்கே வெட்டிவைக்கிறார்கள். ஒரு வேலை முடிந்ததும் மிஞ்சியதைக் குவியலாய்ப் பெட்டியில் திணிக்காமல், அன்றே தேய்த்து, பெரியதிலிருந்து ஐந்து அங்குலச் சதுரம், அடுத்து இரண்டரை அங்குல வார், கடைசியாக ஒன்றரை அங்குலம் என்று வெட்டிப் போட்டுவிட்டால் பிறகு எடுத்துத் தைக்க மட்டுமே வேண்டியிருக்கும். குவியலாகக் கிடக்கும் துணியை யாரும் தைப்பதில்லை. அதைத் தேய்க்கவும் நேராக்கவும் ஆகும் நேரத்தை நினைத்தே மூடிவைத்துவிடுகிறோம்.

அமெரிக்கக் குவில்ட் ஆசிரியர் பானி ஹன்டர் பரப்பிய ஒரு பழக்கமும் எனக்குப் பிடித்தது. தையல் மிஷினில் ஒரு வரிசையைத் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் நூலை இழுத்து அறுக்காமல், கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் இரண்டு சிறு சதுரங்களை ஊசிக்கடியில் விட்டு ஓட்டுவது. நூல் மிச்சம், தொடக்கத்தில் துணி ஊசித்தட்டுக்குள் சிக்குவதும் இல்லை. பெரிய வேலை ஒன்று முடியும்போது பக்கத்தில் சத்தமில்லாமல் இன்னொரு போர்வைக்கான துண்டுகள் சேர்ந்திருக்கும்.

நம் ஊரில் டெய்லர் கடைப் பிட்டை நம்பி இறங்குகிறவர்களுக்குச் சில எச்சரிக்கைகள் வேண்டும். ஜாக்கெட் பிட்டில் பருத்தியும் பாலியெஸ்டரும் சாட்டினும் கலந்திருக்கும். ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டினால் பருத்தி தாள்போல் எரிந்து சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கட்டியாகும், தனித்தனியே பிரித்துவிடுங்கள். இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் ஒன்று நேராகும்போது மற்றது சுருளும். கழுத்துக்கு வைக்க டெய்லர் வெட்டும் கிராஸ் பீஸ் மிச்சம் இழுத்தால் ரப்பராய் நீளும். அதைத் தாளின் மேலோ அடித்துணியின் மேலோ தைத்தால்தான் அளவு நிற்கும். சிவப்பு, கருநீலம், மெரூன் துண்டுகளை ஈரமாக்கி வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். தடம் விழுந்தால் வெள்ளையோடு அவற்றைச் சேர்க்காதீர்கள். திருப்பூர் பனியன் கட்டிங் கிலோக் கணக்கில் கிடைக்கிறதே என்று ஆசைப்படவும் வேண்டாம். பின்னல் துணி நாலாபக்கமும் இழுபடும். அது கால்மிதி பின்னத்தான் லாயக்கு.

ஒன்றரை அங்குலத்துக்குக் கீழே போன பொடி நறுக்கு, பிசிறு, நூல் குப்பை எல்லாம் அடைக்கத்தான். வெளிநாட்டுக் குவில்ட் குழுக்கள் தைத்த பைகளில் இவற்றை அடைத்து, தெருநாய்க் காப்பகங்களுக்குப் படுக்கையாகக் கொடுக்கிறார்கள். தலையணைக்கு ஆகாது, கல்லாய் இறுகிவிடும். தரையில் உட்காரும் திண்டுக்கு அந்தக் கனமே நல்லது. நம் மழைக்காலத்தில் இது ஒருமுறை நனைந்தால் உள்ளே காய நாலைந்து நாளாகும், முடைநாற்றம் வந்துவிடும். ஆகவே நறுக்குகளை ஒரு உள்பையில் போட்டுத் தைத்து, மேலுறைக்கு ஜிப் வையுங்கள். துவைக்க உறையை மட்டும் கழற்றினால் போதும்.